டார்ச்சுக்கு லித்தியம் செல்: சறுக்கும் இடங்கள்

ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய பிறகு காப்பித் தோட்டத்துக்குள் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. காட்டெருமை பக்கத்தில் நின்றாலும் தெரியாது. சுவர் பிளக்கில் அப்படியே செருகும் மலிவு ரீசார்ஜ் டார்ச்சில் இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. சில மாதம் சார்ஜ் போடாமல் கிடந்தால் அது செத்துவிடும். அந்த இடத்தில் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல் வைப்பது நல்ல யோசனைதான். பழைய சார்ஜரை உள்ளேயே விட்டுவைப்பதுதான் வினை.

அந்த டார்ச்சுகள் பெரும்பாலானவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு கப்பாசிட்டரும் சில டயோடுகளும்தான் 230 வோல்ட்டைச் சமாளிக்கின்றன. பேட்டரி நிறைந்ததா என்று அதற்குத் தெரியாது, ஏற்றிக்கொண்டே இருக்கும். லெட் ஆசிட் 4.8 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும். லித்தியமோ 4.2-இல் நின்றாக வேண்டும். தாண்டினால் சூடேறி, வாயு கக்கி, தீப்பிடிக்கலாம். போதாக்குறைக்கு, பிளக்கில் இருக்கும்போது செல்லைத் தொட்டாலே ஷாக் அடிக்கும்.

எனவே பழைய போர்டையும் பிளக் பின்களையும் கழற்றிவிட்டு, லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டில் நிறுத்தும் டிபி4056 (TP4056) சார்ஜிங் போர்டு போடுங்கள். 5 வோல்ட் மொபைல் சார்ஜர் அதற்குப் போதும். அவுட் (OUT+, OUT-) முனைகள் தனியாக உள்ள, பாதுகாப்புச் சிப் கொண்ட போர்டாகப் பார்த்து வாங்குங்கள். செல்லை பி (B+, B-) முனைகளில் இணையுங்கள், எல்இடியை அவுட் முனைகளில். எல்இடியை நேராகச் செல்லில் கொடுத்தால் சார்ஜ் தீரும்போது கட் ஆகாது, செல் வற்றிப்போகும். அந்தப் போர்டு 1 ஆம்பியர் ஏற்றும். பழைய லேப்டாப்பில் எடுத்த செல்லுக்கு அது அதிகம்; போர்டில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2 கிலோ ஓம் வைத்தால் சுமார் 580 மில்லி ஆம்பியராகக் குறையும். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லை எழுப்பப் பார்க்காதீர்கள்.

செல்லின் மேல் நேராக சால்டரிங் வைத்தால் உள்ளே சீல் கெடும். ஹோல்டர் போடுங்கள்.

1 வாட் எல்இடிக்குத் தொடராக 3.3 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போடுங்கள். முழு சார்ஜில் சுமார் 0.3 ஆம்பியர்தான் போகும்.

இரண்டு கட்டை போடும் பழைய குண்டு பல்பு டார்ச்சில் இரண்டு லித்தியம் போட்டால் 8.4 வோல்ட், பல்பு ஒரு மின்னலோடு போய்விடும். 14500 என்ற லித்தியம் செல்லும் சாதாரண 1.5 வோல்ட் பென்சில் செல் அளவில்தான் இருக்கும். வீட்டில் இரண்டும் கலக்காமல் வையுங்கள்.

மலைக்கு மேலே பனி ஈரம், கீழே சேலத்தில் சித்திரை வெயில். சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள், டார்ச்சைப் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள்.