147573952589676412927: இந்த எண்ணில் எல்லாரும் வழுக்கும் இடங்கள்

எண்கோட்பாடு பழக வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் 21 இலக்க எண் இது. 2⁶⁷-இல் 1 போனால் மீதி. இதன் பண்புகளை எழுதி வா என்றால், வருடா வருடம் அதே தவறுகளோடு வருகிறார்கள். இலக்கம் விட்டுப்போவது போன்றவை தானாகச் சரியாகிவிடும். மற்றவை கீழே.

எக்செல் காட்டுவதை அப்படியே நம்புவது

போன மாதம்கூட ஒரு மாணவர் தாளை நீட்டினார். "சார், இது 10-ஆல் வகுபடுது."

எக்செல்லில் 2^67-1 என்று போட்டிருக்கிறார். அது 147573952589676000000 என்று காட்டியிருக்கிறது. எக்செல் 15 இலக்கம் வரைதான் காட்டும். மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். அவர் அந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டி 84 என்று கண்டு, 3-ஆலும் வகுபடும் என்று வேறு எழுதியிருந்தார். உண்மையான எண்ணின் இலக்கக் கூடுதல் 109. 3 கிட்டேயே வராது.

எனக்கு எரிச்சல் அதில் இல்லை. 2-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் இரட்டை எண்தான். 1 கழித்தால் ஒற்றை. ஒற்றை எண் எப்படிப்பா பூஜ்யத்தில் முடியும்? ஒரு நொடி யோசித்திருந்தால் ஒரு பக்கம் வீணாகியிருக்காது.

சரி, பைத்தான் நிரல்மொழிக்குப் போ என்றேன். அங்கே எண் முழுசாக வந்தது. ஆனால் n/3 == int(n/3) என்று சோதித்திருக்கிறார் (n இந்த எண்; 3-ஆல் வகுத்தால் முழு எண் வருகிறதா என்று கேட்கிறது); 'ட்ரூ', அதாவது ஆமாம், என்று வந்துவிட்டது! அந்த ஒற்றைச் சாய்கோடு விடையைத் தசம எண்ணாக மாற்றிவிடுகிறது. இவ்வளவு பெரிய தசம எண்ணில் பின்னப் பகுதிக்கு இடமே கிடையாது, அதனால் எந்தச் சின்ன எண்ணால் வகுத்தாலும் முழு எண் போலத்தான் தெரியும். n % 3 என்று மீதியைக் கேளுங்கள். 1 வரும்.

அடுக்கு பகா எண், அதனால் இதுவும் பகா எண்

இல்லை. 67 போலவே 11-உம் பகா எண்தான்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

சின்னச் சின்ன எண்களால் வகுத்துப் பார்ப்பது

இது பகா எண் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் தன் பட்டியலில் சேர்த்தார். அல்ல என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 1876-இல் நிறுவினார், ஒரு காரணியைக்கூடக் காட்டாமல். 1903-இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் உடைத்துக் காட்டினார்: 193707721 × 761838257287. சின்னக் காரணியே ஒன்பது இலக்கம்! அப்புறம், 3, 7, 11 என்று வரிசையாக வகுப்பதே வீண். இதன் எந்தப் பகாக் காரணியையும் 134-ஆல் (அடுக்கு 67-இன் இரு மடங்கு) வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். சின்னக் காரணியில் 1 கழித்து, 193707720-ஐ 134-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 1445580.

காரணிகள் மொத்தம் 2 என்று எழுதுவது

சரியான விடை 4; 1-ஐயும் அந்த எண்ணையும் விட்டுவிடுகிறார்கள்.