லேன் கேபிளிலும் நெட் விட்டு விட்டு வருகிறதா? பழுதை இடம் பார்த்துப் பிடிக்கும் வழி

வைஃபையில் நெட் போனால் சுவர், தூரம், பக்கத்து வீட்டு சிக்னல் என்று பல காரணங்கள் இருக்கலாம். லேன் கேபிள் நேராகச் செருகியிருக்கும்போதே மீட்டிங் நடுவில் நெட் போய், பத்து வினாடியில் தானாகத் திரும்பி வந்தால், வீட்டுக்குள் ஏதோ ஒரு பொருள் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அடியோடு செத்துப்போன இணைப்பில் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. விட்டு விட்டு வருவதுதான் பாடாய்ப் படுத்தும், ஏனென்றால் நாம் போய்ப் பார்க்கிற நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். உடனே ரவுட்டரை அணைத்துப் போடுவதுதான் பலரின் பழக்கம். அதைத் தயவுசெய்து கடைசிக்கு வையுங்கள். பல வீட்டு ரவுட்டர்கள் அணைத்தவுடன் தங்கள் லாக் (நடந்ததை நேரத்தோடு பதிந்து வைக்கும் குறிப்பு) முழுவதையும் மறந்துவிடும். பழுது அப்படியே இருக்கும், தடயம் மட்டும் போய்விடும்.

நம் ஊர் வீடுகளில் அதிகம் காணப்படும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். கீழே ஹாலில் ஃபைபர் மோடமும் ரவுட்டரும் சேர்ந்த ஒரே பெட்டி. அங்கிருந்து சுவர் பைப் வழியாகவோ ஜன்னல் வழியாகவோ மாடி அறைக்கு 25 மீட்டர் கேபிள். மாடியில் ஒரு 5 போர்ட் ஸ்விட்ச், அதாவது ஒரு கேபிளில் வரும் நெட்டைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், ஐந்து செருகு துளைகள் உள்ள பெட்டி. அதில் கம்ப்யூட்டர், டிவி, கேமரா படங்களைப் பதியும் டிவிஆர்.

முதலில், அறுவது எந்த இடத்தில்?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் கமாண்ட் ப்ராம்ப்ட்டை இரண்டு ஜன்னல்களாகத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிங் கட்டளை (ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று கேட்பது), இடைவெளி, ரவுட்டரின் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1), மறுபடி இடைவெளி, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி டி எழுத்தும். இன்னொன்றில் அதே கட்டளையை 8.8.8.8 என்ற வெளி முகவரிக்குக் கொடுங்கள். இரண்டும் வினாடிக்கு ஒன்று வீதம் ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் ஸ்லீப் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெட் அறும்போது மூன்று விஷயங்களைக் காகிதத்தில் குறியுங்கள்: மணி, எந்த ஜன்னல் நின்றது, கேபிள் செருகிய போர்ட்டின் விளக்கு (கம்ப்யூட்டரிலும், மாடி ஸ்விட்சில் கீழிருந்து வரும் கேபிள் செருகிய இடத்திலும்) எரிந்ததா அணைந்ததா.

ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க, வெளி முகவரி மட்டும் நின்றால் உங்கள் லேன் கேபிள் குற்றமற்றது. அதைத் தொடவே வேண்டாம். கடைசிப் பகுதிக்குப் போங்கள். இரண்டும் நின்று, போர்ட் விளக்கும் அணைந்து, சில வினாடியில் மீண்டும் எரிந்தால் கேபிள், பிளக், போர்ட், நெட்வொர்க் கார்டு இந்த நான்கில் ஒன்றுதான். இரண்டும் நின்று விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால், ஸ்விட்ச் திணறுகிறது, அல்லது முகவரிக் குழப்பம், அல்லது கேபிளில் இரைச்சல். வைஃபையில் உள்ள போன்களும் அதே நொடியில் அறுந்து, ரவுட்டர் விளக்குகள் எல்லாம் ஒரு தரம் அணைந்து எரிந்தால், அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. முதலில் சந்தேகிக்க வேண்டியது அடாப்டரை.

திரையில் வரும் வாசகத்தையும் கவனியுங்கள். 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தால் பாக்கெட் (பிங் அனுப்பும் சிறு தகவல் துண்டு) கம்ப்யூட்டரை விட்டே கிளம்பவில்லை. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் கிளம்பியது, பதில் வரவில்லை. இரவில் அறுந்ததைப் பார்க்க விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால், பல கார்டுகள் இணைப்பு அறுந்த நேரத்தை அங்கே பதிந்து வைத்திருக்கும். லினக்ஸ் என்றால் கெர்னல் லாக்கில் 'லிங்க் இஸ் டவுன்' என்ற வரியைத் தேடுங்கள்.

இன்னொரு பார்வை, அரை நிமிட வேலை: நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீட் என்ன காட்டுகிறது? இரு முனையிலும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் இருந்தும் 1000க்குப் பதில் 100 காட்டினால், கேபிளுக்குள் முறுக்கியிருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று போயிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ தொட்டும் தொடாமலும் இருந்தால், இணைப்பு 1000க்கு ஏறி, விழுந்து, 100க்கு இறங்கி, மறுபடி ஏறப் பார்க்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் சில வினாடி ஆகும். மீட்டிங்கில் முகம் உறைந்து நிற்பது அந்த வினாடிகளில்தான்.

பிளக்கும் கேபிளும்

வீட்டு லேன் பழுதுகளில் முதலில் சோதிக்க வேண்டியது கேபிளை அல்ல, கேபிளின் நுனியை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து நுனிப்பக்கமாகப் பாருங்கள். எட்டுச் செம்புக் கம்பிகளின் முனைகளும் முன் சுவரைத் தொட்டபடி எட்டுப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். ஒரு புள்ளி உள்வாங்கி இருந்தால் பழுது கையில் கிடைத்துவிட்டது. அடுத்து பின்பக்கம்: கேபிளின் வெளி உறை பிளக்குக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் பிளாஸ்டிக் கட்டை அதன்மேல் அழுந்தியிருக்க வேண்டும். உறை வெளியிலேயே நின்று, நிற நிறமாகக் கம்பிகள் தெரிந்தால், கேபிளின் மொத்த எடையும் அரை மில்லிமீட்டர் கம்பிகளில் தொங்குகிறது என்று பொருள். கிளிப் உடைந்த பிளக்கை டேப் ஒட்டி ஓட்டுவதும் இதே கதைதான். மேஜையை இழுத்தால் அறும்.

பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக க்ரிம்ப் செய்வதே (கருவியால் அழுத்திப் பொருத்துவதே) நல்லது. உறையை 3 செ.மீ. உரியுங்கள், உள் கம்பிகளில் பிளேடு படாமல். கீறல் பட்ட கம்பி அன்றைக்கு ஓடும், ஒரு மாதத்தில் ஒடியும். கம்பிகளை இடமிருந்து வலமாக, கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி, இந்த வரிசையில் நேராக்குங்கள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எல்லாவற்றையும் சேர்த்து 13 மி.மீ. நீளம் விட்டு ஒரே வெட்டு. முறுக்கு அதற்கு மேல் பிரிந்திருக்கக் கூடாது. பிளக்குக்குள் முட்டத் தள்ளி, முனைகளைப் பார்த்துவிட்டு, க்ரிம்பிங் டூலை முழுதாக அழுத்துங்கள். சுவர் கேபிளில் ஒற்றைக் கம்பி, கடையில் வாங்கும் குட்டை பேட்ச் கார்டில் பல இழைக் கம்பி. இரண்டுக்கும் பிளக் பல் வேறு. வாங்கும்போது ஒற்றைக் கம்பிக்கானது என்று கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. நிறங்களை ஜோடி ஜோடியாக, ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக இரு முனையிலும் போட்டுவிடுபவர்கள் உண்டு. கேபிளின் இரு முனையிலும் மாட்டிக் கம்பிகளைச் சோதிக்கும் லேன் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் 3, 6 பின்கள் ஒரே ஜோடியாக முறுக்கிய கம்பிகளாக இருக்க வேண்டும். இப்படிப் போட்டால் 3இல் பச்சை வெள்ளை, 6இல் நீலம் என்று பிரிந்துவிடும். முறுக்குதான் இரைச்சலைத் தடுப்பது. அது போனால் 2 மீட்டர் கேபிள் ஓடும், 25 மீட்டர் கேபிள் திணறும். டெஸ்டர் சரி என்று சொன்னாலும் கண்ணால் நிறங்களைப் பாருங்கள்.

டெஸ்டரைப் பயன்படுத்தும்போது கேபிளை அசையாமல் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. ஓடவிட்டு, பிளக் அருகிலும் ஜன்னல் ஓரத்திலும் மூலைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு விளக்கு கண் சிமிட்டினால் அங்கேதான் உடைப்பு. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். இரு முனையையும் கழற்றி, ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, மறு முனையில் ஓம் அளவைப் பாருங்கள். 25 மீட்டர் நல்ல செம்புக் கேபிளில் நாலரை ஓம் அளவில் வரும். நான்கு ஜோடியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினாலோ வளைக்கும்போது எண் குதித்தாலோ அந்த ஜோடி பழுது.

நான்கு ஜோடியுமே 6, 7 ஓம் காட்டினால் கேபிளே செம்பு இல்லை. செம்புப் பூச்சுள்ள அலுமினியம் அது, கடையில் சிசிஏ என்பார்கள். விலை குறைவு என்று கேமரா போடும்போதே பல வீடுகளில் இதையே இழுத்துவிடுகிறார்கள். கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அலுமினியம் இரண்டு மூன்று முறை மடக்கினால் ஒடியும். பிளக் பல் கடித்த இடத்தில் காற்றுப் பட்டு ஆக்சைடு படியும், தொடர்பு தளரும். எத்தனை முறை புது பிளக் போட்டாலும் சில மாதங்களில் அதே தொல்லை திரும்பும். மாற்றத்தான் வேண்டும், ஒட்டுப்போடுவது வீண். முழுச் செம்பு கேட்5இ அல்லது கேட்6 வாங்குங்கள். 100 மீட்டர் வரை தாங்கும் தரம் அது.

போகும் வழியையும் பாருங்கள். 230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்பில் லேன் கேபிளை இழுத்திருந்தால், இரைச்சலை விட உயிர் ஆபத்து பெரிது. முதலில் அதை வெளியே எடுங்கள். தண்ணீர் மோட்டார் போடும் நேரமும் நெட் அறும் நேரமும் உங்கள் குறிப்பில் ஒன்றாக வந்தால் மோட்டார் லைனிலிருந்து ஒரு சாணாவது கேபிளைத் தள்ளுங்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்குறுக்காகப் போங்கள். மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் சாதாரணக் கேபிளின் உறை வெடித்து, மழை நீர் உள்ளே இறங்கும். மழைக்குப் பிறகும் இரண்டு நாள் தொடரும் தொல்லைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிள் போடுங்கள், வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், நடுவில் டேப் சுற்றிய இணைப்பு கூடவே கூடாது. எலி கடித்த இடமும் பார்வைக்குச் சின்னதாகவே இருக்கும். கையால் தடவிப் பாருங்கள்.

ஸ்விட்ச், போர்ட், அடாப்டர்

கேபிள் சரி என்றால், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ஸ்விட்சில் வேறு போர்ட். பிறகு ஸ்விட்சை விலக்கிச் சுவர் கேபிளை நேரே கம்ப்யூட்டரில். பிறகு ரவுட்டரில் வேறு போர்ட். ஒவ்வொன்றுக்கும் பிறகு வழக்கமாக அறும் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு நேரம் காத்திருங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறும் இணைப்பை அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இடி மின்னலுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் போர்ட்டைத்தான் முதலில் மாற்றுங்கள். அரைகுறையாக அடிபட்ட போர்ட் விளக்கு எரியும், வேலை செய்யாது.

அடாப்டரை மல்டிமீட்டரில் சும்மா பார்த்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும். சுமை ஏறும்போதுதான் இறங்கும். அதே வோல்ட், அதே முனைத் துருவம், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள அடாப்டரை ஒரு நாள் போட்டுப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியில் அறுந்தால், இன்வெர்ட்டரை, கரண்ட் போனதும் வேகமாக மாறும் யுபிஎஸ் மோடில் வையுங்கள்.

செட்டிங்கில் பார்க்க வேண்டியவை

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் கம்ப்யூட்டர் இந்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். அட்வான்ஸ்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் இரண்டையும் அணையுங்கள். சும்மா இருக்கும்போது அறுந்து, டவுன்லோட் ஓடும்போது அறாமல் இருந்தால் இதுவே காரணமாக இருக்கும். வேகத்தை 100 ஃபுல் என்று கையால் நிலைநிறுத்தாதீர்கள். மறுமுனை ஆட்டோவில் இருந்தால் அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு சமயத்தில் ஒரு திசையில் மட்டும் தகவல் போகும் நிலைக்கு) இறங்கிவிடும், புதுத் தொல்லை ஆரம்பிக்கும்.

விளக்கு எரிந்தும் நெட் நிற்கும் வகைக்கு டிவிஆரைச் சந்தேகியுங்கள். கையால் நிலையான முகவரி கொடுத்து வைத்திருப்பார்கள். அதே எண்ணை ரவுட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் மாறி மாறி அறும். ரவுட்டர் வழங்கும் வரிசைக்கு வெளியே, 192.168.1.240 போல, டிவிஆருக்கு ஒரு எண் கொடுங்கள். வைஃபைக்காக மாடியில் பழைய ரவுட்டர் ஒன்றைச் சேர்த்திருந்தால் அதில் முகவரி வழங்கும் வசதியான டிஹெச்சிபியை அணையுங்கள். ஸ்விட்சின் ஒரு கேபிள் அதே ஸ்விட்சிலேயே திரும்பச் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீடு முழுக்க நெட்டை நிறுத்த அது ஒன்றே போதும்.

வெளியே போகும் லைன் என்றால்

ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் (ரவுட்டர் முகவரியை பிரவுசரில் தட்டினால் வருவது) ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு, என்ற எண் இருக்கும். வீட்டு ஃபைபரில் பொதுவாக −8 முதல் −27 டிபிஎம் வரை வேலை செய்யும். −27ஐ ஒட்டி ஊசலாடினால் சிக்னல் இழப்பைக் காட்டும் லாஸ் விளக்கு அவ்வப்போது சிவக்கும். மஞ்சள் ஃபைபர் வயர் பெட்டிக்குப் பின்னால் நசுங்கி மடிந்திருந்தால் அகலமாக வளைத்து விடுங்கள். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. புகார் சொல்லும்போது 'நெட் வரவில்லை' என்று நிறுத்தாமல், ரவுட்டர் வரை பிங் அறவில்லை, இந்தந்த மணிக்கு வெளி முகவரி நின்றது, ஆப்டிகல் அளவு இவ்வளவு என்று குறிப்பைப் படித்துக் காட்டுங்கள்.

வீட்டுக்குள் சரிசெய்த பிறகு, ரவுட்டருக்கான பிங்கை இரவு முழுக்க ஓடவிடுங்கள். எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 28,800 பாக்கெட் போகும். காலையில் கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் கணக்கு வரும். ஒன்றிரண்டு தவறியிருந்தால் ரவுட்டர் வேறு வேலையில் இருந்திருக்கும். அடுத்தடுத்து நாலைந்து ஒரே இடத்தில் விழுந்திருந்தால், அடுத்த சந்தேகப் பொருளை மாற்றிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்.