பல்கலைக்கழக விடுதிக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு: முதல் நாளிலிருந்து சாவி ஒப்படைப்பது வரை

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியு முடிவு வரும் வாரத்தில், பேராக்கில் உள்ள நம் சுங்கை சிப்புட் பட்டணத்து போட்டோஸ்டாட் கடைகளில் நிற்க இடம் இருக்காது. எந்தப் பல்கலைக்கழகம், என்ன கோர்ஸ் என்று வீட்டிலும் பள்ளியிலும் நிறையப் பேசிவிடுவார்கள். ஆனால் அங்கே போய் எங்கே சாப்பிடுவது, துணி எங்கே துவைப்பது, காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது, அடுத்த வருடமும் அறை கிடைக்குமா என்பதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணனோ அக்காவோ கிடையாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதியில் இருக்கும் வசதிகளுக்கு நீங்கள் ஒவ்வொரு பருவமும் கட்டணம் கட்டுகிறீர்கள். நம் பிள்ளைகள் பலர் "கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று கூச்சப்பட்டு, மின்விசிறி ஓடாத அறையிலேயே ஒரு பருவத்தை ஓட்டிவிடுகிறார்கள். தயங்காமல் கேளுங்கள். யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

படி 1: கடிதம் வந்ததும் தாள்களைச் சேருங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் விடுதிக்கு ஒரு பெயர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கோலேஜ் கெடியாமான், பினாங்கு யூஎஸ்எம்மில் டேசாசிஸ்வா, சிந்தோக்கில் உள்ள யூயூஎம்மில் இனாசிஸ். உங்கள் கடிதத்திலும் மாணவர் இணையத்தளத்திலும் அந்தப் பெயரில்தான் தகவல் இருக்கும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொதுவாக இடம் ஒதுக்கிவிடுவார்கள். ஆனாலும் சில இடங்களில் நீங்களே உள்ளே போய் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று அழுத்த வேண்டியிருக்கும். கடைசித் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெற்றோரின் சம்பளச் சீட்டு. விடுதி மேல்முறையீடு, கடன், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் இதைத்தான் கேட்பார்கள். அப்பாவோ அம்மாவோ தோட்டத்தில் வேலை செய்தால், அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் கிராணி (அலுவலக எழுத்தர்) லீவில் இருந்தால் சிக்கல். குத்தகை வேலை, தினக்கூலி என்று சீட்டே இல்லாத குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு வருமான உறுதிக் கடிதம் வேண்டும். அதில் யார் கையெழுத்துப் போடலாம் என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் பெங்ஹுலு (முக்கிம் தலைவர்), கிராமத் தலைவர், உயர்நிலை அரசு அதிகாரி என்று இருக்கும்.

எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். கைப்பேசியிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

படி 2: முதல் மாதச் செலவுக்குப் பணம்

1997-இல் தொடங்கப்பட்ட அரசாங்க உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன் தரும் கடன் உடனே கைக்கு வராது. பதிவு முடிந்து, விண்ணப்பித்து, ஒப்பந்தம் எல்லாம் சரியான பிறகுதான் வரும். அந்த இடைவெளிக்காகவே குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு 1,500 ரிங்கிட் வரை முன்பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றை பிடிபிடிஎன் வைத்திருக்கிறது. அனுமதிக் கடிதம் வந்ததுமே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். இதுவும் கடன்தான், பின்னால் வரும் கடன் தொகையில் கழித்துக்கொள்வார்கள். பிடிபிடிஎன் விண்ணப்பத்துக்கு அதன் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு தேவை. அதையும் இப்போதே திறந்துவிடலாம்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடுவது. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் தாத்தா பாட்டி யாராவது உறுப்பினராக இருந்திருக்கலாம். வீட்டுப் பெட்டியில் பழைய உறுப்பினர் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், உறுப்பினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்ன கல்வி உதவி உண்டு என்று சங்க அலுவலகத்தில் விசாரியுங்கள். 1984-இல் அமைக்கப்பட்ட எம்ஐஇடி கல்வி நிதியையும் விசாரிக்கலாம்.

படி 3: என்ன எடுத்துப்போவது

கட்டில், மெத்தை, அலமாரி, மேசை, நாற்காலி அறையில் இருக்கும். படுக்கை விரிப்பு, தலையணை, வாளி, கப்பு, ஹேங்கர், குளியலறைச் செருப்பு, இரண்டு பூட்டு, டார்ச்லைட் எடுத்துப்போனால் போதும். நீட்டிப்பு வயர் வாங்கினால் சிரிம் தர முத்திரை உள்ளதாக வாங்குங்கள். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி வாங்குவதற்கு முன் விதிமுறையைப் படியுங்கள். சில விடுதிகளில் பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்டினால் விடுவார்கள், சில இடங்களில் பறிமுதல் செய்து அபராதமும் போடுவார்கள். சாமிப் படம் வைத்துக்கொள்ளலாம். விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி கொளுத்துவது தீ விபத்து விதிகளில் பொதுவாகவே தடை. பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் அம்மாவின் மனமும் நிறையும்.

படி 4: பதிவு நாள், சாவி வாங்கும் நேரம்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். சாவியோடு ஒரு பொருள் பட்டியல் கொடுப்பார்கள். வெளியே குடும்பம் வேனில் காத்திருக்கும், எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நீங்கள் அறைக்குப் போய் ஒவ்வொன்றையும் பாருங்கள். மின்விசிறி எல்லா வேகத்திலும் ஓடுகிறதா, விளக்கு எரிகிறதா, அலமாரிக் கதவு பூட்டுகிறதா, ஜன்னல் கொக்கி இருக்கிறதா, சுவரில் ஏற்கெனவே ஓட்டை உண்டா? உடைந்ததைப் பட்டியலிலேயே எழுதுங்கள், படம் எடுங்கள், அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுதாமல் விட்டால், வெளியேறும் நாளில் அந்தச் சேதம் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

குடும்பம் கிளம்பிய பிறகு, அன்று சாயங்காலமே அறைத் தோழரைக் கூட்டிக்கொண்டு விடுதியை ஒரு சுற்று சுற்றுங்கள். குடிநீர் இயந்திரம், டோபி (துணி துவைக்கும் இடம்), கஃபே, படிப்பறை, விடுதி அலுவலகம், பாதுகாவலர் அறை, பேருந்து நிற்கும் இடம், தீ விபத்து நேரத்தில் இறங்கும் படிக்கட்டு எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். அலுவலக நேரத்தையும் பாதுகாவலர் எண்ணையும் கைப்பேசியில் சேமியுங்கள். அறைத் தோழர் வேறு இனமாகவும் இருக்கலாம். விளக்கு எத்தனை மணிக்கு அணைப்பது, அறையில் என்ன சாப்பிடலாம், விருந்தாளிகளை எப்போது கூப்பிடலாம் என்று முதல் வாரமே நட்பாகப் பேசி முடிவு செய்வது நல்லது.

படி 5: ஏதாவது பழுதானால்

விடுதியில் இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். பெங்கெத்துவா (விடுதித் தலைவர்), பெலோ (அவருக்குக் கீழ் உள்ள பொறுப்பாளர்) என்பவர்கள் மாணவர் நலனைப் பார்ப்பவர்கள். பெலோக்கள் பலர் விரிவுரையாளர்களாகவோ பல்கலைக்கழக ஊழியர்களாகவோ இருந்துகொண்டு விடுதியிலேயே தங்குவார்கள். அலுவலகப் பணியாளர்கள் சாவி, கட்டணம், பழுது ஆகியவற்றைப் பார்ப்பவர்கள். குழாய் ஒழுகினால் அலுவலகம். அறைத் தோழரோடு பிரச்சினை, வீட்டில் துக்கம், இரவில் உடம்புக்கு முடியவில்லை என்றால் பெலோ.

பழுதுக்கு வாயால் சொன்னது போதாது. "அடுவான்" என்ற புகார் முறை இணையத்திலோ புத்தகத்திலோ இருக்கும், அதில் பதிவு செய்யுங்கள். கட்டடம், மாடி, அறை எண், என்ன பொருள், என்று முதல் பழுது, நீங்கள் அறையில் இருக்கும் நேரம், இவ்வளவும் வேண்டும். "ஃபேன் ரோசாக்" (மின்விசிறி பழுது) என்று மட்டும் எழுதினால் ஆள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் யாரும் வரவில்லை என்றால் அந்த எண்ணோடு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, எண்ணைக் காட்டினாலே வேலை நகரும். மின்சாரக் கசிவு, பூட்டாத கதவு மாதிரி ஆபத்தானவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே பாதுகாவலரைக் கூப்பிடுங்கள்.

படி 6: சாப்பாடு

கஃபேயில் எல்லாமே ஹலால். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சூப்பிலும் மீ குழம்பிலும் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள், மரியாதையாகவே பதில் சொல்வார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பலர் ஒன்றாகச் சேர்ந்து கடைக்காரரிடம் கேட்டால், வெள்ளிக்கிழமையாவது ஒரு சைவக் கறி வைப்பார். தனியாக ஒருவர் கேட்பதைவிட இது எளிதாக நடக்கும்.

ஐந்து ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாகக் கிடைக்கும் மெனு ரஹ்மா 2023-இல் தொடங்கியது. உங்கள் வளாகத்தில் அது உண்டா என்று பாருங்கள். பணம் தீர்ந்துபோன வாரங்களில் பட்டினி கிடக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு உணவு வங்கி இருக்கிறது, மாணவர் விவகாரப் பிரிவான ஹெச்இபியில் நலநிதியும் இருக்கும். அரிசி, பிஸ்கட், டின் மீன் எடுத்துக்கொள்ள வெட்கப்பட எதுவும் இல்லை. அது உங்களைப் போன்ற மாணவர்களுக்காகவே வைத்தது.

பருவ விடுமுறையில் கஃபே மூடிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அப்புறம், வீட்டிலிருந்து பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுவந்தால் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். எறும்பு விடாது.

படி 7: உடம்பும் மனமும்

மாணவர் அட்டையோடு போனால் வளாகச் சுகாதார மையத்தில் வைத்தியம் கிடைக்கும். யூஎஸ்எம்மில் அதற்கு புசாட் செஜாதெரா என்று பெயர். தேர்வு நாளில் காய்ச்சல் என்றால் மையத்திலிருந்து எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கித் துறையில் கொடுத்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். கட்டணத்தில் மாணவர் காப்புறுதியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விபத்து நடந்தால் அதில் கோரலாம்.

முதல் பருவத்தில் வீட்டு ஏக்கம் வருவது இயல்பு. தோட்டத்தில் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு அத்தை நிற்பார், இங்கே கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும். தூக்கம் வராமல், வகுப்புக்குப் போக மனமில்லாமல் நாட்கள் நீண்டால் ஆலோசகரைப் பாருங்கள். பல்கலைக்கழகங்களில் இதற்குப் பணம் வாங்குவதில்லை, நீங்கள் பேசியது வெளியே போகாது. சுகாதார அமைச்சின் 15555 மனநல உதவி எண்ணையும் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

படி 8: இரண்டாம் ஆண்டு அறை

நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது இங்கேதான். முதலாம் ஆண்டு முடிந்ததும் இடம் தானாகத் தொடராது. பல பல்கலைக்கழகங்களில் மெரிட் புள்ளிகளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். விடுதி நிகழ்ச்சி, விளையாட்டு, கழகச் செயற்குழு, தன்னார்வப் பணி எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. அறை, வகுப்பு, நூலகம் என்று இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை ரயில் ஏறி ஊருக்கு வந்துவிடும் நல்ல பிள்ளைக்கு வருடக் கடைசியில் அறை இருக்காது. வெளியே வாடகை என்றால் முன்பணம், மின்கட்டணம், மோட்டார் சைக்கிள் என்று செலவு ஏறும். அதைத் தாங்க முடியாமல் தினமும் தொலைவிலிருந்து வந்துபோய்ப் படிப்பில் சறுக்கியவர்கள் உண்டு.

அதனால் முதல் மாதத்திலேயே மூத்த மாணவர்களிடம் எதற்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகள் நடத்தும் இந்திய மாணவர் கழகத்தில் சேருங்கள். விடுதியின் ஏதாவது ஒரு செயற்குழுவிலும் பெயர் கொடுங்கள். எல்லா நிகழ்ச்சிக்கும் ஓட வேண்டியதில்லை. செயற்குழுப் பொறுப்புக்குச் சும்மா வந்து உட்காருவதைவிடப் பொதுவாகவே புள்ளி அதிகம். வருகை பதிவானதா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்யுங்கள், சான்றிதழைப் படமெடுத்து வையுங்கள்.

இடம் கிடைக்கவில்லை என்றால் ராயுவான், அதாவது மேல்முறையீடு உண்டு. அங்கேதான் படி 1-இல் சேர்த்த சம்பளச் சீட்டு உதவும். குடும்ப வருமானம், படிக்கும் தம்பி தங்கைகள், வீட்டுக்கும் வளாகத்துக்கும் உள்ள தூரம், ஏதாவது நோய் இருந்தால் மருத்துவக் கடிதம் எல்லாவற்றையும் இணைத்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நேரில் போய் பெலோவிடமும் சொல்லுங்கள். உங்கள் முகம் தெரிந்த பெலோ உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

படி 9: ஊருக்கு வருவதும் வெளியேறுவதும்

சுங்கை சிப்புட்டில் ஈடிஎஸ் மின்ரயில் நிற்பதால் தஞ்சோங் மாலிம், கோலாலம்பூர், வடக்கே ஆராவ் பக்கம் படிப்பவர்களுக்குப் பயணம் சிரமமில்லை. தீபாவளிக்கு டிக்கெட் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். மாணவர் கழிவு உண்டா என்றும் பாருங்கள். இரவு வெளியே தங்குவதாக இருந்தால் விடுதியில் பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

வருடக் கடைசியில் அறையைக் கூட்டி, பொருள் பட்டியலோடு சரிபார்த்து, சாவியை அலுவலக நேரத்தில் ஒப்படையுங்கள். தோழரிடம் கொடுத்துவிட்டுப் போனால், அது தொலைந்தாலும் அபராதம் உங்கள் பெயரில்தான். பெட்டிகளை விடுமுறையில் வைக்க சேமிப்பறை இருக்கும், பெயரும் மாணவர் எண்ணும் பெரிதாக எழுதுங்கள். வைப்புத்தொகை கட்டியிருந்தால் திரும்பப் பெறும் படிவத்தை அன்றே நிரப்பி, ரசீதையும் சாவி ஒப்படைத்த தாளையும் பணம் கணக்கில் விழும்வரை பத்திரமாக வையுங்கள்.