பனிப்புயலில் மின்சாரம் போனால்: வீட்டுக்குள் செய்யக்கூடாத தவறுகள்

2021 பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைத் தாக்கிய பனிப்புயலில், 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் நிறுவனங்களும் மின்சாரம் இழந்தன. டாலஸ் விமான நிலையத்தில் பிப்ரவரி 16 அன்று வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. 1949-க்குப் பிறகு அந்த ஊர் அப்படியொரு குளிரைக் கண்டதில்லை. மாநில அரசின் இறுதிக் கணக்கின்படி 246 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் குளிர் தாக்கி இறந்தவர்கள். ஆனால் நச்சுப்புகையிலும் தீயிலும் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். குளிர் மணிக்கணக்கில், நாள்கணக்கில் உடலை வாட்டும். அடைத்த அறைக்குள் மூட்டிய நெருப்போ தூங்குகிறவர்களை ஒரே இரவில் கொன்றுவிடும். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் நகரங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ளன. ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கும் வயதான பெற்றோரும் அவர்களோடு இருப்பதால், அங்கே நிகழ்ந்த தவறுகளை நாம் கவனமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிடும்" என்ற நம்பிக்கையே முதல் தவறு. தமிழ்நாட்டில் மின்வெட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நம்பிக்கை இன்னும் எளிதாக வருகிறது. நம் ஊரில் மின்சாரம் போனால் வியர்க்கும். உறைநிலைக்குக் கீழே உள்ள ஊரில், மின்சாரம் போன நொடியிலிருந்து வீடு வெப்பத்தை இழக்கத் தொடங்குகிறது. எரிவாயு ஹீட்டர் உள்ள வீடும் இதற்கு விலக்கல்ல, ஏனெனில் சூடான காற்றைத் தள்ளும் விசிறி மின்சாரத்தில்தான் ஓடுகிறது. 2021 பிப்ரவரி 15 அதிகாலையில், மாநில மின்கட்டமைப்பு மொத்தமாகச் சரிவதற்கு நான்கரை நிமிடங்களே இருந்த நிலையில், அதை நிர்வகிக்கும் எர்காட் அமைப்பு மின்வெட்டுக்கு உத்தரவிட்டது. சுழற்சி முறை என்றுதான் அறிவிப்பு. ஆனால் பற்றாக்குறை மிகப் பெரிது. மருத்துவமனை போன்றவை இருந்த இணைப்புகளைத் துண்டிக்கவும் முடியாது. அதனால் மற்ற இணைப்புகளைச் சுழற்ற வழியில்லாமல், பல வீடுகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஆகவே, வெளிச்சம் இருக்கும்போதே ஒரே அறையைத் தேர்ந்து, கதவிடுக்கில் துண்டுகளைச் செருகி, சன்னல்களுக்குப் போர்வை கட்டி, குடும்பம் முழுவதும் அங்கே கூடிவிட வேண்டும். தலைக்குத் தொப்பி, காலுக்கு இரண்டு சாக்ஸ், ஒன்றின்மேல் ஒன்றாக உலர்ந்த ஆடைகள் ஆகியவை ஒரு தடித்த கம்பளியைவிட நன்றாக வெப்பத்தைக் காக்கும்.

அடுத்ததுதான் மிகக் கொடிய தவறு: வெளியே எரிய வேண்டியதை உள்ளே கொண்டுவருவது. கரி பார்பிக்யூ அடுப்பை வரவேற்பறையில் வைத்தவர்கள், கேஸ் அடுப்பையும் ஓவனையும் ஹீட்டராக எரியவிட்டவர்கள், கராஜுக்குள் காரை ஓடவிட்டுக் கைப்பேசியைச் சார்ஜ் செய்தவர்கள், ஜெனரேட்டரை வாசற்படியில் இயக்கியவர்கள் எனப் பலரும் அந்த வாரத்தில் டெக்சஸ் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எரிபொருள் எதுவானாலும் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அதற்கு மணமும் நிறமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும், சன்னலைச் சற்று விலக்கினாலும் ஆபத்து நீங்காது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை வீட்டில் ஒருவருக்கு மட்டுமன்றிப் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால், அதை அலைச்சலின் அசதி என்றோ சளிக்காய்ச்சல் என்றோ எண்ணிப் படுத்துவிடக் கூடாது. அந்த நிமிடமே எல்லோரும் வெளியே வந்து 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். வெளியே குளிர்கிறது என்று தயங்குவதற்கு அப்போது நேரமில்லை. சாம்பிராணிக்கென்று கரி மூட்டும் பழக்கம் உள்ள வீடுகளில், அதே கரியைக் கணப்புச் சட்டியாக்கும் எண்ணம் இயல்பாக எழக்கூடும். நம் ஊர்க் காற்றோட்டமான முற்றம் வேறு, காற்றுப் புகாமல் கட்டப்பட்ட அமெரிக்க வீடு வேறு. பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி விலை அதிகமானதல்ல. படுக்கையறைக்கு அருகில் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை சன்னல் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். அதை நேராகச் சுவர் பிளக்கில் செருகுவது இன்னொரு பெருந்தவறு. அப்படிச் செருகினால் மின்சாரம் பின்னோக்கித் தெருக் கம்பிக்குள் பாய்ந்து, பனியில் நின்று பழுது பார்க்கும் ஊழியரைக் கொல்லக்கூடும்.

உடல் நடுங்குவது நின்றதும் "குளிர் பழகிவிட்டது" என்று நிம்மதி கொள்வதும் தவறு. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கி மேலும் குறையும்போது நடுக்கம் நின்றுபோகும். பேச்சு குழறும், நினைவு தடுமாறும். முதியவர்கள் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இந்த நிலைக்குப் போய்விடுவார்கள் என்பதால், அவர்கள் சொல்லை மட்டும் நம்பாமல் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உறைந்த கை கால்களைத் தைலம் போட்டுச் சூடு பறக்கத் தேய்ப்பது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படுவதுதான். ஆயினும் உறைந்த தோலையும் தசையையும் அது மேலும் சிதைக்கும். ஈர ஆடையைக் களைந்து, மார்பையும் கழுத்தையும் முதலில் சூடாக்கி, மருத்துவ உதவி தேட வேண்டும். மது உடலைச் சூடாக்குவதாகத் தோன்றினாலும், தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வெப்பத்தை வெளியேற்றவே செய்கிறது.

தண்ணீர்க் குழாய்களைப் பற்றிய தவறுகள் புயல் ஓய்ந்த பிறகே தெரியவரும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. குழாய் அப்போதே வெடித்தாலும், பனிக்கட்டி அடைத்திருக்கும்வரை ஒன்றும் வெளியே தெரியாது. உருகிய பிறகுதான் மேற்கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும். டெக்சஸ் வீடுகள் பலவற்றில் குழாய்கள் பரண் வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் செல்வதால் சேதம் பெரிதாயிற்று. குளிர் தொடங்கும்போது குழாயைச் சொட்டவிடுவது நல்ல வழிதான். ஆனால் ஊர் முழுவதும் தண்ணீரை ஓடவிட்டால் அழுத்தம் சரிந்துவிடும். அன்றைய ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர், அதனால்தான் குழாய்களைத் திறந்து வைக்க வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். வெப்பமின்றி நீண்ட நேரம் கழியப்போகிறது என்று தெரிந்தால், வீட்டின் தலைமை வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து வடித்துவிடுவதே சிறந்தது. அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் குடியிருப்பதுதான் இங்கே அடிப்படைத் தவறு. பல இடங்களில் அது நடைபாதையருகே மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். திறக்கத் தனிச் சாவி வேண்டும். புயலுக்கு முன்பே அதை வாங்கி, ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். உறைந்த குழாயை நெருப்பால் உருக்கக் கூடாது.

குழாயில் தண்ணீர் வந்தால் குடிக்கலாம் என்று எண்ணுவதும் தவறாகலாம். அழுத்தம் சரிந்ததால் ஹூஸ்டன், ஆஸ்டின் போன்ற நகரங்களில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது. மின் அடுப்பு மட்டுமே உள்ள வீட்டில் காய்ச்ச வழியில்லை என்பதால், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்ற கணக்கில் முன்பே சேர்த்து வைக்க வேண்டும். பனியை அள்ளி உருக்கினால் கழிவறைக்குப் பயன்படும், குடிப்பதற்கல்ல.

உணவில் கவலை குறைவு. ஃபிரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காவிட்டால் 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும் தாங்கும். அவல், பொரி, ரொட்டி, பால் பவுடர் இருந்தால் அடுப்பில்லாமலும் சமாளிக்கலாம்.

காரை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற முடிவை வானிலையைப் பார்த்தே எடுக்க வேண்டும். அதே 2021-இல் பிப்ரவரி 11 காலை, ஃபோர்ட் வொர்த் நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில் 130-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 6 பேர் இறந்தனர். போவதென்றால் சாலை உறைவதற்கு முன்பே போய்விட வேண்டும்.

மின்சாரம் திரும்பும் நேரத்துக்காக ஒரே ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டுவைத்து, மற்றக் கருவிகளின் பிளக்குகளைப் பிடுங்கி வைக்கவும். தலைமை வால்வை மெல்லத் திறந்து, சுவரிலும் மேற்கூரையிலும் ஈரம் கசிகிறதா என்று அறை அறையாகப் பார்க்கவும். கசிந்தால் உடனே மூடிவிட்டு, துடைப்பதற்கு முன் காப்பீட்டுக்காகப் படம் எடுத்துவிடவும்.