உச்சியில் திசைவேகம் பூஜ்ஜியம் இல்லை: எறிபொருள் கணக்கில் மார்க் போகும் இடங்கள்

கடலூரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். எறிபொருள் பாடம் ஆரம்பிக்கும் அன்றைக்கு எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பேன். சில்வர் பீச்சில் ஒரு பையன் பந்தைத் தூக்கி அடிக்கிறான், பந்து உச்சிக்குப் போனதும் அதன் திசைவேகம் என்ன? பாதி வகுப்பு "பூஜ்ஜியம் மிஸ்" என்று சொல்லும். பூஜ்ஜியம் என்றால் பந்து அந்தரத்தில் நின்று, அங்கிருந்து நெட்டுக்குத்தாக மணலில் விழ வேண்டும். அப்படி விழுந்த பந்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? உச்சியில் பூஜ்ஜியமாவது செங்குத்துக் கூறு, அதாவது திசைவேகத்தில் மேலும் கீழும் போகும் பங்கு மட்டும்தான், பக்கவாட்டில் போகும் பங்கான கிடைத்தளக் கூறு அடித்த நொடியில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருக்கிறது. முடுக்கமும் அங்கே பூஜ்ஜியம் இல்லை. புவியீர்ப்பு உச்சியில் ஓய்வெடுப்பதில்லை.

சரி, ஒரே பந்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். நொடிக்கு 20 மீட்டர் வேகம், தரையோடு 53 டிகிரி கோணம், புவியீர்ப்பு முடுக்கமான g-க்கு 10 வைத்துக்கொள்ளலாம். காஸ் 53 ஏறத்தாழ 0.6, சைன் 53 ஏறத்தாழ 0.8. ஆகவே கிடைத்தளக் கூறு 12, செங்குத்துக் கூறு 16.

முதல் சறுக்கல் இங்கேயே இருக்கிறது. "கிடைத்தளம் என்றால் காஸ், செங்குத்து என்றால் சைன்" என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். கேள்வியில் "செங்குத்தோடு 37 டிகிரி" என்று கொடுத்துவிட்டால் அப்படியே காஸ் 37 போட்டு 16-ஐக் கிடைத்தளத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், அதற்கப்புறம் வரும் எல்லா வரியும் தப்பு. மனப்பாடத்தை விடுங்கள், படம் போடுங்கள். கோணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கூறுக்குத்தான் காஸ். கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது 2.5 நொடி கழித்துத் திசைவேகம் என்ன என்று கேள்வி. நிறையப் பேர் 20-லிருந்து 10 × 2.5-ஐக் கழித்து −5 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். புவியீர்ப்புக்கு அந்த முழு 20 தெரியவே தெரியாது, அதன் கை செங்குத்துக் கூறின் மேல் மட்டும்தான் படும். 16 − 25 = −9. கிடைத்தளம் அதே 12. இன்னும் சிலர் ரொம்ப அக்கறையாக 12-லிருந்தும் 25-ஐக் கழிக்கிறார்கள். பக்கவாட்டில் இழுக்க அங்கே என்ன விசை இருக்கிறது என்று கேட்டால் அவர்களே அழித்துவிடுவார்கள்.

அந்த −9-இல் இருக்கும் மைனஸைத் தொலைக்காதீர்கள். பந்து கீழே இறங்குகிறது என்று சொல்வது அந்தக் குறி ஒன்றுதான். மேல்நோக்கி ப்ளஸ் என்று வைத்தால் கணக்கு முடியும் வரை g-க்கு மைனஸ்தான், பந்து ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி. இறங்கும்போது g-ஐ ப்ளஸ் ஆக்குவதால் வரும் குழப்பத்தை விடைத்தாளில் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அடுத்தது கூறுகளைச் சேர்ப்பது. 12 + 9 = 21 என்று கூட்டக் கூடாது, இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. 144 + 81 = 225, வர்க்கமூலம் 15. இதோடு நிறுத்தினாலும் பாதி விடைதான், ஏனென்றால் திசைவேகத்துக்குத் திசை சொல்லியாக வேண்டும். டேன் மதிப்பு 9/12, கோணம் ஏறத்தாழ 37 டிகிரி, கிடைத்தளத்துக்குக் கீழே. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இங்கே இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள்: அந்த நேரத்தில் பந்து 30 மீட்டர் தள்ளி, 8.75 மீட்டர் உயரத்தில் இருக்கும், உடனே 8.75/30-க்கு டேன் போட்டு 16 டிகிரி என்பார்கள். அடித்த இடத்திலிருந்து பந்தைப் பார்க்க எவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த 16. பந்து எந்தப் பக்கம் போகிறது என்பது வேறு கேள்வி.

கெடிலம் பாலத்தில் நின்று ஒரு கல்லைக் கிடையாக, நொடிக்கு 8 மீட்டரில் எறிகிறீர்கள், தண்ணீர் 5 மீட்டர் கீழே என்று வைப்போம். செங்குத்துத் தொடக்கத் திசைவேகம் பூஜ்ஜியம், 8 இல்லை. ஒரு நொடியில் விழும், செங்குத்துக் கூறு கீழ்நோக்கி 10, மொத்தம் 164-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 12.8. இதே கணக்கில் ஒரு மாணவி தொடக்க வேகமான u-க்கு முழு 8-ஐயும் உயரமான h-க்கு 5-ஐயும் போட்டு v² = u² + 2gh என்று எழுதினாள், 64 + 100, அதே 164! "அப்போ இதுவும் சரிதானே மிஸ்?" அளவு சரிதான், அது ஆற்றல் அழிவின்மையிலிருந்து வருவது, எந்தத் திசையில் எறிந்தாலும் பொருந்தும். ஆனால் அதே 8-ஐ v = u + gt-இல் போட்டால் 18 வருகிறது. திசை கேட்டாலும் அந்த ஆற்றல் வழியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒரு தடவை சரியாக வந்ததை நம்பி எல்லா இடத்திலும் போடுவதுதான் ஆபத்து.

கிடைத்தளக் கூறு மாறாது என்பதும் காற்றைக் கணக்கில் எடுக்காத வரைக்கும்தான். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நம் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு, குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்தக் கதையைத்தான் சொல்கிறது. அந்தக் குண்டுக்கு நம் பாடப்புத்தகச் சூத்திரத்தைப் போட்டால் உண்மையில் விழுந்ததைவிட ரொம்பத் தூரம் வரும். குண்டு ஊசலில் பாய்ந்து ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து அதன் வேகத்தைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். வேகமாகப் போகும் குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று 1742-இல் எழுதியவரும் அவரே. பிறகு கம்பெனியின் பொறியாளராக இங்கே வந்து, 1751-இல் இதே கோட்டையில் இறந்தார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அடுத்த வாரம் இரண்டு பேராவது கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.