‘கேன்சர் உண்டா?’ என்று கேட்காதீர்கள்: ஜீன் பரிசோதனைக்கு முன் வம்சாவளி எழுதும் முறை

என் தங்கை மகனுக்கு இரண்டு வயதில் இரண்டு கிட்னியிலும் வில்ம்ஸ் கட்டி, அதாவது சின்னக் குழந்தைகளுக்கு வருகிற கிட்னிப் புற்றுநோய், என்று தெரிந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்றோம். ஷுகர், பிரஷர், ஹார்ட் அட்டாக், எங்கள் வீட்டில் அவ்வளவுதான். ஏழெட்டு மாதம் கழித்துப் புரட்டாசிச் சனிக்கிழமை படையலுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சாட்ஸ்வர்த் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, பெரிய ஆயா வாழையிலையைத் துடைத்துக்கொண்டே, "என் தம்பி ஒருத்தன் வயிறு வீங்கியே செத்தான், மூணு வயசு கூட ஆகல, கரும்புத் தோட்டத்துல டாக்டர் ஏது" என்றார். யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் ‘கேன்சர்’ என்றுதான் கேட்டிருப்போம், அவரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

அதனால் நோயின் பெயரை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். சின்ன வயதில் யார் இறந்தார்கள்? வயிறு பெரிதாக இருந்ததா, சிறுநீரில் ரத்தம் போனதா? யாருக்காவது ஒரு கிட்னியை எடுத்தார்களா, வயிற்றில் பெரிய தழும்பு யாருக்கு இருக்கிறது? இப்படிக் கேட்டால் அத்தைமார்களுக்கு நினைவு கொட்டும்.

எவ்வளவு தூரம் பின்னால் போவது? 1860-இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலியாக வந்த முப்பாட்டன் வரை தேட வேண்டாம், அவருடைய கூலிப் பதிவு நம்பர் தேடுகிற ஆசையை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை, அதன் அண்ணன் தம்பி அக்கா தங்கை, பெற்றோர், பெற்றோரின் உடன்பிறப்புகள், அவர்கள் பிள்ளைகள், தாத்தா பாட்டிமார், இந்த மூன்று தலைமுறை போதும். அதற்கு மேலே தெரிந்தால் ஓரத்தில் எழுதுங்கள். தாளில் வரையும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு குறுக்குக் கோடு. பெயரை விட வயது முக்கியம்: எந்த வயதில் நோய் வந்தது, எந்தப் பக்கம், ஒன்றா இரண்டுமா.

வயதையும் பக்கத்தையும் ஏன் கேட்கிறார்கள் என்றால், ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி. கட்டியைத் தடுக்கிற ஜீனில் இரண்டும் கெட்டால்தான் கட்டி வரும் என்று 1971-இல் ஆல்ஃபிரட் நட்ஸன் விழித்திரைக் கட்டியை வைத்து விளக்கினார், அடுத்த ஆண்டே அதே கணக்கை வில்ம்ஸுக்கும் போட்டுப் பார்த்தார்கள். பிறக்கும்போதே ஒன்று கெட்டிருந்தால் மற்றது கெட அதிக நாள் ஆகாது, ஆகவே சீக்கிரமாகவும் இரண்டு பக்கமும் வர வாய்ப்பு கூடுதல்.

புற்றுநோய் அல்லாத அடையாளங்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. கண்ணின் வண்ணப் பகுதியே இல்லாமல் பிறந்த குழந்தை, ஒரு கால் மற்றதை விடத் தடித்த குழந்தை, பெரிய நாக்கு, தொப்புள் பிதுக்கம், விதை கீழே இறங்காத பையன், சிறுநீர்த் துவாரம் இடம் மாறியவன், இருபது வயதுக்குள் கிட்னி பழுதானவர், எல்லாரையும் குறியுங்கள். இளம் பெண்ணுக்குக் கழுத்துக் கழலையும், கைக்குழந்தைக்கு நுரையீரலில் கட்டியும் ஒரே குடும்பத்தில் இருந்தால் டைசர்1 என்ற ஜீனை யோசிப்பார்கள், அது சிறுமிகளின் சினைப்பையிலும் கட்டி வரவைக்கும். முப்பது சொச்சத்தில் மார்பகப் புற்று, குழந்தைகளுக்கு மூளை, எலும்புக் கட்டிகள் என்று கலந்து வந்தால் டிபி53 என்ற ஜீன். அந்தக் குடும்பங்களில் சிறுநீர்ப்பை, புராஸ்டேட் பக்கம் தசைக்கட்டி வந்த சின்னப் பையனும் இருக்கலாம்.

வயதுக்கு வராத பெண்ணைப் பற்றிக் கேட்பதுதான் கஷ்டம். மஞ்சள் நீராட்டு நடக்காத அக்காவைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் டபிள்யூடி1 ஜீனில் ஒரு வகை மாற்றம், கிட்னியையும் கெடுத்து, ஆண்களுக்கு உரிய ஒய் குரோமோசோம் உள்ள குழந்தையையும் சினைச்சுரப்பி வளராமல் பெண்ணாக வளரச் செய்யும், அந்தச் சுரப்பியில் கட்டி வரலாம். இதைச் சபையில் கேட்காதீர்கள். சமையலறையில், ஒரு பெரியம்மாவிடம் மட்டும் கேளுங்கள், தாளில் பெயர் எழுதாதீர்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று யாராவது ஆரம்பித்தால் சண்டை வேண்டாம். மாமன் மகளைக் கட்டியிருந்தால் அதையும் இரட்டைக் கோடு போட்டுக் காட்டுங்கள், இரு பக்கத்திலிருந்தும் வந்தால் மட்டுமே நோய் தருகிற ஜீன்கள் சில உண்டு. ஆனால் டபிள்யூடி1, டைசர்1, டிபி53 எல்லாம் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், யாரிடமிருந்தும் வராமல் புதிதாகவும் தோன்றும். வில்ம்ஸ் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் குடும்பத்தில்தான் வேறொருவருக்கும் அதே கட்டி இருக்கும். வம்சாவளி சுத்தமாக இருப்பதால் ஜீன் சுத்தம் என்று ஆகாது.

அப்புறம் காகிதங்கள். எடுத்த கட்டியைச் சோதித்து எழுதிய நோயியல் ரிப்போர்ட்டின் ஒரு பக்கம், பத்துப் பேர் ஞாபகத்தை விடப் பெரிது. கிளினிக்கில் தந்த ரோட் டு ஹெல்த் என்ற குழந்தை நலப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள், பிறந்த எடை அதில் இருக்கும். எல்லாவற்றையும் குழந்தையின் புற்றுநோய் டாக்டரிடமே கொடுத்து மரபியல் ஆலோசகருக்குக் கடிதம் கேளுங்கள். சிகிச்சைக் காலத்துக்கு வழித்துணை வேண்டுமென்றால், புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோர்களே சேர்ந்து தொடங்கிய ச்சாக் (CHOC) அமைப்பு நம் நாடு முழுக்க இருக்கிறது.

ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்குமுன் ஒன்று முடிவு செய்யுங்கள்: பதில் வந்தால் யார் யாருக்குச் சொல்வது? ஆபத்து உறுதியான குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிட்னி ஸ்கேன், குறைந்தது 7 வயது வரை. கட்டி வேகமாக வளரும், ஆறு மாதம் விட்டால் தாமதம். நடுவில் குளிப்பாட்டும்போது வயிற்றில் கையில் தட்டுப்பட்டால் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்காமல் அன்றைக்கே போங்கள், கட்டி உடையக் கூடாது.

எங்கள் பையனுக்கு டபிள்யூடி1 மாற்றம் இருந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இல்லை, அவனிடம்தான் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. சம்பந்தி வீட்டார் எங்களையும் நாங்கள் அவர்களையும் ஓரக்கண்ணால் பார்த்தது அன்றோடு நின்றது. ஆயாவின் தம்பி எதனால் இறந்தான் என்று இனித் தெரியாது, பெயரும் யாருக்கும் நினைவில்லை. தாளின் மேல் ஓரத்தில் குறுக்குக் கோடு போட்ட சதுரமாக இருக்கிறான்: மூன்று வயதுக்குள், வயிறு வீக்கம்.