மனம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லப் புதிதாக வருகிறவர்களை மதுரையில் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். வந்தவரைப் பேசவிடாமல் அறிவுரையைக் கொட்டுவது போன்றவை போகப்போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நாட்டம் வந்தபின் தொடங்கலாம் என்பது

அனுப்பானடியில் பணி ஓய்வு பெற்ற ஒருவர். விடிகாலையில் மைத்துனரோடு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, கடையில் நின்றபடியே காபி குடிப்பது அவர் வழக்கம். மனைவி இறந்தபின் எல்லாம் நின்றுபோயிற்று. “எதிலும் நாட்டமில்லை” என்றார். பயிற்சிக்கு வந்த இளைஞர் குறிப்பேட்டில் எழுதினார்: “நாட்டம் திரும்பியதும் நடக்கத் தொடங்கலாம்.” வாரங்கள் ஓடின. அவர் திண்ணையை விட்டுக் கட்டிலோடு ஒடுங்கியதுதான் மிச்சம். அந்த ஒரு வரியை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஒன்றை நாடுவதும் அதை அனுபவிப்பதும் மூளையில் வெவ்வேறு வேலைகள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் எலிகளின் மூளையில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துப் பார்த்தார்கள். எதிரே தீனி இருந்தும் அவை தின்னவில்லை. ஆனால் நாவில் சர்க்கரைக் கரைசலை விட்டபோது மற்ற எலிகளைப் போலவே சப்புக்கொட்டின. ருசி அப்படியே இருந்தது. தேடிப்போகும் உந்துதல்தான் போய்விட்டது. மனச்சோர்வில் பலருக்கு நேர்வதும் இதற்கு நெருக்கமானதுதான். இல்லாத உந்துதலுக்காக அவர்களைக் காத்திருக்கச் சொன்னால் எப்போது எழுவார்கள்?

செயல் குறைந்தால் இன்பம் குறையும், இன்பம் குறைந்தால் செயல் மேலும் குறையும் என்று உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களிலேயே விளக்கினார். 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர், செயல்களை மீண்டும் தொடங்கவைக்கும் பகுதியை மட்டும் கொடுத்தாலே, எண்ணங்களை மாற்றும் பகுதியும் சேர்ந்த முழுச் சிகிச்சைக்கு நிகரான பலன் கிடைப்பதைக் கண்டார்கள்.

அனுப்பானடிக்காரருக்கும் அதைத்தான் செய்தோம். செவ்வாய், வெள்ளி காலை ஆறு மணிக்கு மைத்துனர் வாசலில் வந்து நிற்பார். ஒரு சுற்று, ஒரு காபி. எவ்வளவு பிடிக்கும் என்று புறப்படுமுன் பத்துக்கு ஒரு மதிப்பெண். எவ்வளவு பிடித்தது என்று திரும்பியதும் இன்னொன்று. முதல் நாள் 1, 3. அடுத்த வாரம் 1, 5. அந்த முதல் 1 நெடுநாள் அசையவே இல்லை. அவர் சொன்ன நாட்டம் அதுதான். அதை நம்பியிருந்தால் வாசலைத் தாண்டியிருக்கமாட்டார்.

டோபமைனை மகிழ்ச்சிச் சுரப்பு என்பது

மேலே சொன்ன எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். டோபமைன் போனபின்னும் அவற்றுக்கு ருசி போகவில்லை.

பெரிய இன்பமாகத் தேடுவது

அழகர் ஆற்றில் இறங்குவது வருடத்துக்கு ஒருமுறை. அதுவரை என்ன செய்வது? மகிழ்ச்சியை நிர்ணயிப்பது இன்பத்தின் தீவிரத்தைவிட, அது எத்தனை முறை வாய்க்கிறது என்பதே என்று உளவியலாளர் எட் டீனர் 1991இல் எழுதினார். இரண்டு முழம் மல்லிகை, மொட்டை மாடிக் காற்று, பேத்தியோடு தாயம்: இவற்றை வாரத்தில் பல நாள் வையுங்கள்.

பட்டியலை அப்படியே நீட்டுவது

மனதுக்கு இனிய செயல்கள் என்று லெவின்சன் தொகுத்த பட்டியலில் 320 இனங்கள். அவை அமெரிக்க வாழ்க்கையை வைத்துத் தொகுத்தவை. எதிரில் இருப்பவர் முன்பு எதை ரசித்தார் என்று கேளுங்கள்.

மருத்துவரை மறப்பது

சாகவேண்டும் என்று பேசினால் அன்றே மனநல மருத்துவரிடம். தனியாக விடக்கூடாது.

வீட்டாரிடம் பேசாமல் விடுவது

துக்க வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை. அந்த மரியாதையில் கை வைக்கவேண்டாம். ஆனால் காலையில் காபி குடித்துச் சிரித்தவரிடம் “அதற்குள்ளாகவா?” என்று மருமகள் கேட்டுவிட்டால் மறுநாள் அவர் எழமாட்டார். எனவே முதல் சந்திப்பிலேயே வீட்டாரையும் உட்காரவைத்து, நடையும் காபியும் மாத்திரையைப் போலவே சிகிச்சை என்று சொல்லிவிடுங்கள். குறிப்பேட்டில் மதிப்பெண் எழுதும் வேலையை மருமகளிடமே கொடுங்கள்.